ஓட்டியவர் பெயர்

ஓசூர்
26.1.2025

அன்புள்ள நைனாவுக்கு,

சுவாதி எழுதுவது. இங்கே நான் சுகம். இருமல் விட்டுவிட்டது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை தொண்டூர் முழுக்கத் தபால் கொடுத்துவிட்டு மூன்று மணிக்குப் பழைய சோறுதானா?

நல்ல சேதி ஒன்று. வனக்காவலர் தேர்வில் என் பெயர் வந்துவிட்டது. எழுத்து, உயரம், ஓட்டம் எல்லாம் தாண்டியாயிற்று. பட்டியலைப் பார்த்ததும் உங்களுக்கு போன் போடத்தான் கை போனது. நீங்கள் எடுத்து நாலு தடவை "இன்னா, இன்னா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவீர்கள். மெசேஜ் அனுப்பினால் உங்கள் பட்டன் போனில் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. ஆகவே உங்கள் இலாகாவுக்கே வியாபாரம் கொடுக்கிறேன்.

இனி சரிபார்ப்புதான் பாக்கி. ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வருவார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு மங்கை அக்காவைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், அவர் கேட்பதை உங்களுக்குச் சத்தமாகச் சொல்லட்டும். படிவத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் ரொம்ப நேரம் யோசித்து எழுதினேன். அதை நேரில் சொல்கிறேன்.

ஓசூர் கம்பெனியில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஆர்டர் கைக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்கிறேன். அம்மா படத்துக்கு என் பங்காக ஒரு முழம் கனகாம்பரம் வையுங்கள்.

உங்கள் மகள்,
சுவாதி


தொண்டூர்
13.2.2025

அன்பு மகள் சுவாதிக்கு,

நைனா தனகோட்டி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் இரண்டு ஆடுகளும் சுகம். அவ்விடம் உன் சுகத்துக்கு எழுது.

உன் கடிதம் போன மாதம் முப்பதாம் தேதியே வந்துவிட்டது. பையைப் பிரித்து, முத்திரை குத்தி, ஊரில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடைசியாக நம் வீட்டு வாசலில் நின்று "தபால்" என்று குரல் கொடுத்து நானே வாங்கிக்கொண்டேன். மகள் கடிதம் என்பதற்காக முன்னால் பிரித்துப் படிக்க முடியுமா? முறை என்று ஒன்று இருக்கிறதே.

படித்துவிட்டு அம்மா படத்துக்கு முன்னால் கொஞ்சம் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

போலீஸ்காரர் செவ்வாய்க்கிழமை வந்தார். மங்கை நூறு நாள் வேலைக்குப் போய்விட்டாள். நான் தனியாகச் சமாளித்தேன். உனக்குத்தான் தெரியுமே, என் வழி ஒன்று உண்டு. ஆபீஸிலும் அப்படித்தான் தள்ளுகிறேன். எதிராளி கேட்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டால் காதுக்கு வேலை இல்லை. அவர் உட்கார்ந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து உன் காகிதம் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டேன். பத்தாவது மார்க், பன்னிரண்டாவது மார்க், சாதிச் சான்று, ரேஷன் கார்டு, விழுப்புரத்தில் உன்னை ஒன்றும் செய்யாமல் அனுப்பிவைத்தார்களே அந்தப் பேப்பர். எல்லாம் செஞ்சி பஜாரில் லேமினேஷன் செய்தவை. ஒரு கறை கிடையாது. அவருக்கே ஆச்சரியம். அந்த விழுப்புரம் பேப்பரை ரொம்ப நேரம் படித்தார். போனில் படமும் எடுத்துக்கொண்டார். ஏதோ கேட்டார். மீசை உதட்டை மறைத்ததால் எனக்குப் பிடிபடவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். டீ குடித்துவிட்டு நல்லபடியாகப் போனார்.

இனி என்ன, காக்கிச் சட்டை தைக்க அளவு கொடுக்க வேண்டியதுதான். நைனாவும் மகளும் காக்கி. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
தனகோட்டி


ஓசூர்
3.3.2025

நைனாவுக்கு,

நலம். உங்கள் நலம் பிறகு கேட்கிறேன்.

இன்று துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. என் மேல் வழக்கு இருந்ததை மறைத்திருக்கிறேனாம். தேர்வை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் கொடுக்க வேண்டுமாம்.

ஏன் நைனா அந்தப் பேப்பரைக் காட்டினீர்கள்? நான் யோசித்து எழுதியதாகச் சொன்ன கேள்வி அதுதான். "உங்கள் மீது எப்போதாவது வழக்கு இருந்ததா?" இல்லை என்று எழுதினேன். அது பொய் இல்லை. பதினெட்டு வயதுக்குள் நடந்தது பிறகு ஒருவர் வேலைக்கோ படிப்புக்கோ குறுக்கே வரக் கூடாது, அந்தப் பதிவுகளையே அழித்துவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. விசாரித்துவிட்டுத்தான் எழுதினேன். அன்று எனக்குப் பதினாறு வயது. டிவிஎஸ் வண்டி, செஞ்சியில் ஒரு சைக்கிள்காரர் கால் உடைந்தது, விழுப்புரத்தில் இளைஞர் நீதிக் குழுமம் அறிவுரை சொல்லி அனுப்பியது. அவ்வளவுதான் வழக்கு. ஊரே மறந்துவிட்டது. ஸ்டேஷனில்கூட யாரும் தேடியிருக்க மாட்டார்கள். நம் வீட்டு டிரங்குப் பெட்டிதான் மறக்கவில்லை.

மூன்று வருஷம் ஷிப்டு முடித்துவிட்டு உட்கார்ந்து படித்தேன். எனக்கு அழுகை அழுகையாக வருகிறது. கோபமும் வருகிறது.

சுவாதி


தொண்டூர்
6.3.2025

அன்பு மகள் சுவாதிக்கு,

கடிதம் கிடைத்தது. தப்பு என்னுடையது. காட்டியது மட்டுமல்ல, எல்லாமே என்னுடையது.

அது உன்னைக் காப்பாற்றும் பேப்பர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. செய்கிறேன்.

நைனா


ஓசூர்
16.3.2025

அன்புள்ள நைனாவுக்கு,

நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைக்கூடக் கேட்காமல் சண்டை போட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

லீவு போட்டுவிட்டு விழுப்புரம் போனேன். இலவச சட்ட உதவி மையத்தில் வித்யாஸ்ரீ என்று ஒரு வக்கீல். என் வயதுதான் இருக்கும். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க எழுதினது சரிங்க. அவங்க கேட்டதுதான் தப்பு" என்றார். அங்கேயே எனக்குப் பாதி உயிர் வந்தது. குழுமத்தில் மனு போட வேண்டும். பதிவுகளை அழிக்கச் சொல்லியும், இதை எதற்கும் காரணமாக வைக்கக் கூடாது என்றும் அவர்கள் உத்தரவு கொடுத்தால் துறை ஏற்றுத்தான் ஆக வேண்டும். அதுவரை அவகாசம் கேட்டு விளக்கமும் அனுப்பியாயிற்று.

இதில் ஒரு கூத்து. குழுமத்தின் ஆபீஸ் இடம் மாறியதில் என் வழக்குக் கட்டு கிடைக்கவில்லையாம். வழக்கு எண் தெரிந்தால்தான் மனுவே போட முடியும். நோட்டீஸிலும் எண் இல்லை. அது இருக்கும், நம் கைக்கு எட்டும் ஒரே காகிதம் உங்கள் லேமினேஷன்தான். உடனே எனக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அன்று என்ன நடந்தது என்று வித்யாஸ்ரீ மேடம் கேட்டார். அன்று சொன்னதையேதான் இன்றும் சொன்னேன். நீங்கள் விழுப்புரம் வர வேண்டாம். பேப்பர் வந்தால் போதும்.

அன்புடன்,
சுவாதி


ஓசூர்
11.4.2025

அன்புள்ள நைனாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா இல்லையா என்றே தெரியவில்லை. நாலு வாரமாக ஒரு வரி இல்லை. மங்கை அக்காவுக்கு போன் போட்டேன். "உங்க நைனா நல்லாத்தான் இருக்குது. தபாலு குடுக்குது, சோறு துண்ணுது, யார் கூடயும் பேசல" என்றார்.

வேறு யாராவது என்றால் கடிதம் வழியில் தொலைந்தது என்று சொல்லிக்கொள்வேன். நீங்கள் தபால்காரர். அந்தச் சமாதானமும் எனக்கு இல்லை.

பேப்பரை அனுப்ப மனசில்லையா? துறை கொடுத்த அவகாசப்படி இந்த மாதம் இருபத்தைந்துக்குள் மனு போடாவிட்டால் என் இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடும். கோபித்துக்கொண்டதற்குத்தான் இப்படி என்றால், மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். ஒரு வரி எழுதுங்கள்.

சுவாதி


தொண்டூர்
15.4.2025

அன்பு மகள் சுவாதிக்கு,

ஆசீர்வாதம். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ மன்னிப்பு கேட்க வேண்டாம். அந்த வரியைப் படித்தபோது எனக்கு இருந்த இடம் தெரியவில்லை.

பேப்பரை இதனுடன் பதிவுத் தபாலில் வைத்திருக்கிறேன். நாலு தடவை உறையில் போட்டு நாலு தடவை வெளியே எடுத்தேன். அதில் மூன்றாவது பத்தியில் "வாகனத்தை ஓட்டியவர்" என்று போட்டு உன் பெயர் இருக்கிறது. அதை அப்படியே இன்னொரு தடவை உள்ளே போட்டு ஒட்டி அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

நாம் இருவரும் இதை ஒரு நாளும் பேசியதில்லை. இப்போது எழுதுகிறேன். வண்டியை ஓட்டியது நான். நீ பின்னால் உட்கார்ந்திருந்தாய், பள்ளிக்கூடத்துச் சீருடையில். அதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே எனக்குக் காது குறைய ஆரம்பித்துவிட்டது. உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. தெரிந்தால் ஆபீஸில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது அம்மா பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அன்று போலீஸ்காரர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. உன் வாய் "நான்தான்" என்று அசைந்ததைத்தான் பார்த்தேன். முதல் நிமிஷம் புரியவில்லை. அடுத்த நிமிஷம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. இதுதான் நான் செய்தது.

போன திங்கட்கிழமை செஞ்சிக்குப் போய் அரங்கநாதனைப் பார்த்தேன். பஜாரில் கயிறும் முறமும் விற்கிறாரே, கால் உடைந்தவர். ஒன்பது வருஷமாக அந்தக் கடைக்கு எதிர்ச்சாரியிலேயே நடந்தவன் அன்று நேராக உள்ளே போனேன். "உங்க கால் மேல வண்டி ஏத்தினது நான்தான். எம் பொண்ணு பின்னால குந்தினு இருந்துது" என்றேன்.

அவர் கயிற்றுச் சுருளைக் கீழே வைத்தார். எனக்குக் கேட்க வேண்டும் என்று கத்தியே சொன்னார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "தெரியும்யா. வுழுந்தவன் நான். மேல பார்த்துதானே வுழுந்தேன். காக்கிச் சட்டதான் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"பொண்ணு நான்தான்னு நிக்குது. பெத்தவன் நீ சும்மா நிக்கற. நடுவுல நான் இன்னா சொல்றது? நீயே வருவேன்னு பார்த்துனு இருந்தேன். ஒம்பது வருசம் ஆக்கிட்ட."

வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல் ஒரு முறம் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது.

குழுமத்தில் நான் வந்து உண்மையைச் சொல்கிறேன். எந்தத் தேதி என்று மட்டும் எழுது. எனக்கு வேலை இன்னும் இரண்டரை மாதம்தான். போனால் போகட்டும்.

நைனா


ஓசூர்
19.4.2025

அன்புள்ள நைனாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். பேப்பர் வந்தது. வழக்கு எண்ணை வித்யாஸ்ரீ மேடத்துக்குப் படம் எடுத்து அனுப்பி, மனு முந்தாநாளே போட்டாயிற்று. மே ஆறாம் தேதி விசாரணை.

உங்கள் கடிதத்தைக் கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருந்தது.

நீங்கள் எழுதிவிட்டீர்கள், நானும் எழுதுகிறேன். இடது பக்கச் சந்திலிருந்து அரங்கநாதன் மணி அடித்தது எனக்குக் கேட்டது நைனா. இரண்டு தடவை அடித்தார். மடியில் புத்தகம் வைத்து முதல் பீரியட் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் கேட்டிருக்கும், பிரேக் போடுவீர்கள் என்று நினைத்தேன். போடவில்லை. அந்த நொடியில்தான் உங்கள் காது போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. "நைனா, சைக்கிள்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இன்று நேராக நடப்பார். அதனால்தான் போலீஸ்காரர் கேட்டதும் "நான்தான்" என்று வந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தது, உங்கள் வேலை, எல்லாம் பிறகு யோசித்த காரணங்கள். நான் உங்களுக்காகப் பழி ஏற்றுக்கொண்டதாக நீங்கள் நினைத்து நினைத்துக் கரைகிறீர்கள். எனக்கும் அதில் பங்கு இருக்கிறது.

குழுமத்தில் சொல்ல வேண்டாம் என்று உங்களைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்று போலீஸிடம் நான் பொய் சொன்னேன் என்று துறை அதையும் பிடித்துக்கொண்டால் வேலை போய்விடும். பயமாக இருக்கிறது. வாருங்கள். முதலில் வித்யாஸ்ரீ மேடத்திடம் சொல்லுங்கள், அவர் என்ன சொல்கிறாரோ அப்படிச் செய்வோம்.

காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சுவாதி


ஓசூர்
20.6.2025

அன்புள்ள நைனாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், முக்கியமாக நான். ஆர்டர் வந்துவிட்டது. ஜூலை பதினான்காம் தேதி பயிற்சியில் சேர வேண்டும். கடிதத்தின் கடைசியில் எழுதலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

மே ஆறாம் தேதி உள்ளே பேசியது உங்களுக்குப் பாதிகூட எட்டியிருக்காது. வெளியே வந்து நான் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டியதும் அவசரத்தில். ஆகவே முழுதாக எழுதுகிறேன்.

வராந்தாவில் நீங்கள் வித்யாஸ்ரீ மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னீர்கள். நீங்கள் மெதுவாகச் சொல்வதாக நினைத்தீர்கள். வராந்தா முழுக்கக் கேட்டது. மேடம் என் நோட்டை வாங்கி உங்களுக்கு எழுதிக் காட்டினாரே, அந்தப் பக்கத்தை நான் கிழித்து வைத்திருக்கிறேன். "ஐயா, யார் ஓட்டினாங்கன்றது இன்னிக்கு வழக்கு இல்ல. அந்த வழக்கே இனிமே இருக்கக் கூடாதுன்றதுதான் இன்னிக்கு வழக்கு. நீங்க சொல்ல வேண்டியவர்கிட்ட சொல்லிட்டீங்க." அதைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள்.

உள்ளே நீதிபதி அம்மா உங்கள் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை யாரு லேமினேட் பண்ணது?" என்று கேட்டார். கேள்வி காதில் விழாமலேயே நீங்கள் எழுந்து கும்பிட்டீர்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு உத்தரவு சொன்னார். ஸ்டேஷனிலும் குழுமத்திலும் இருக்கும் பதிவுகள் அழிக்கப்பட வேண்டும், எந்தத் துறையும் இதைக் காரணம் காட்டக் கூடாது. வீட்டில் இருக்கும் நகலையும் வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லித்தான் அதை உங்கள் கையில் கொடுத்தார். நான் அப்போதே வாங்கிக் கிழிக்கப் பார்த்தேன். நீங்கள் மடியில் வைத்து மூடிக்கொண்டீர்கள். நானும் விட்டுவிட்டேன்.

இப்போது கேட்கிறேன். அதை வைத்திருக்க வேண்டாம் நைனா.

முப்பதாம் தேதி உங்களுக்குக் கடைசி நாள். என்னால் வர முடியவில்லை, மனசு முழுக்க அங்கேதான் இருக்கும்.

அன்புடன்,
சுவாதி


தொண்டூர்
6.7.2025

அன்பு மகள் வனக்காவலர் சுவாதிக்கு,

நைனா எழுதிக்கொண்டது. சுகம். முப்பதாம் தேதி மாலை பை, முத்திரை எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன். செஞ்சியிலிருந்து வந்து சால்வை போட்டார்கள். மங்கை கேசரி செய்தாள். உன் கடிதம் என் கையால் நான் எனக்குக் கொடுத்த கடைசித் தபால். இந்தக் கடிதத்துக்கு வேறொருவர் முத்திரை குத்துவார். கோணலாகக் குத்தினால் சொல்.

பேப்பர் விஷயம். லேமினேஷன் கிழியவில்லை. பல்லால்கூடப் பார்த்தேன். அடுப்பில் போடப் போனால் நாறும் என்று மங்கை திட்டினாள். அவளிடம் துணி வெட்டும் கத்தரியை வாங்கி, உட்கார்ந்து பட்டை பட்டையாக வெட்டினேன். மூன்றாவது பத்திக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

விபத்துக்கு அடுத்த வருஷம் அது கைக்கு வந்ததிலிருந்து எட்டு வருஷமாக அதை ஏன் வைத்திருந்தேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நீ எனக்குச் செய்ததற்கு உலகத்தில் அது ஒன்றுதான் சாட்சி. அது இருக்கும்வரை நான் மறந்துவிட மாட்டேன் என்று வைத்திருந்தேன். ஆனால் நாற்பது வருஷம் தபால் கொடுத்தவன் நான். பெயர் மாறி வந்த ஒரு தபாலைக்கூட ஒரு ராத்திரி என் வீட்டில் வைத்துக்கொண்டதில்லை. என் பெயருக்கு வர வேண்டிய இதை மட்டும்தான் உன் பெயரிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி நினைத்ததும் வெட்டுவது சுலபமாகிவிட்டது. பொடிப்பொடியாக வெட்டிக் குப்பை வண்டியில் போட்டேன்.

உன் பங்கு என்று எழுதியிருந்தாயே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பதினாறு வயசுப் பிள்ளை பின்னால் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கத்தான் வேண்டும். மணி கேட்க வேண்டியது ஓட்டுகிறவனுக்கு.

வேலை இருந்தவரை காதைப் பற்றி எங்கும் வாய் திறக்க முடியவில்லை. முந்தாநாள் செஞ்சி ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னேன். சோதித்துவிட்டு, "இத்தனை வருசமா எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று எழுதிக் காட்டினார்கள். வலது காதுக்கு ஒரு மிஷின் கொடுத்திருக்கிறார்கள். மாட்டியதும் ஒரே இரைச்சல். செஞ்சியில் இத்தனை பேர் இத்தனை சத்தமாகப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு போன் போடு. நான் எடுக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பஜார் வழியாகத்தான் நடந்தேன், அரங்கநாதன் கடை இருக்கும் பக்கமாகவே. பின்னால் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். கேட்டது. ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

அன்புடன்,
நைனா தனகோட்டி